யூபிகீ 5சி என்எஃப்சி: பனியன் கம்பெனி ஆபீஸுக்கு இந்தச் சாவி தேவையா?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் எதைப் பற்றிப் பேசினாலும் அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் மேற்கொண்டு காது கொடுக்க மாட்டார்கள். ஒரு சாவி ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது, அதிலும் ஒன்று வாங்கினால் போதாது, ஆளுக்கு இரண்டு வாங்க வேண்டும். மெயிலுக்குள் போகும்போது கம்ப்யூட்டரில் சொருகித் தொடுகிற சாவி இது, செய்வது யூபிகோ என்கிற கம்பெனி. கையில் கிடைப்பது என்னவென்று பார்த்தால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டு, நடுவில் தங்க நிறத்தில் வட்டமாகத் தொடும் இடம், ஒரு முனையில் டைப்-சி, மறுமுனையில் கொத்துச்சாவியில் மாட்ட ஓட்டை. பேட்டரி இல்லை, ஸ்கிரீன் இல்லை, தொடச் சொல்லி மினுக்குகிற சின்னப் பச்சை விளக்கு மட்டும் உண்டு. இதுக்கா இத்தனை காசு என்று கேட்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

சின்னதும் நடுத்தரமுமான பனியன் கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டர், நெட்வொர்க், ஈமெயில் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர்கள், அக்கவுண்ட்ஸ், முதலாளி என்று மெயில் தொடுகிற எல்லோருக்கும் இதைக் கொடுத்து ஒரு சீசன் முழுக்க ஓட்டிப் பார்த்தாயிற்று. காசு கம்பெனியுடையது, எனக்கு இதில் கமிஷன் எதுவும் கிடையாது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். பனியன் கம்பெனிக்குக் களவு பயம் என்றால் குடோனைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள். ஆர்டர், துணியின் அளவு விவரமெல்லாம் இருக்கிற டெக் பேக், விலை, பேங்க் விவரம் எல்லாம் கிடப்பது மெயில் பெட்டியில். உள்ளே புகுந்தவன் எதையும் தொட மாட்டான், நாள் கணக்கில் சும்மா உட்கார்ந்து படிப்பான். ஷிப்மெண்ட் போய், பையர் பணம் அனுப்புகிற சமயம் பார்த்து, பழைய மெயில் தொடரிலேயே ஒரு பதில் போடுவான்: எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறியிருக்கிறது, இந்த இன்வாய்ஸுக்குப் புதிய அக்கவுண்டில் போடவும். இன்வாய்ஸ் நம்பர் சரியாக இருக்கும், ஸ்டைல் நம்பர் சரியாக இருக்கும், கீழே கையொப்பம் கூட அந்த மெர்ச்சண்டைசர் எப்போதும் போடுகிற அதே மாதிரி இருக்கும். சரக்கு கப்பலில், பணம் எவனிடமோ. பையரைக் கேட்டால் உன் மெயிலிலிருந்து வந்ததற்குத்தானே அனுப்பினேன் என்பார், அதற்கு மேல் அவரிடம் என்ன பேச முடியும்?

இதைத் தடுக்கப் பாஸ்வேர்டு இருக்கிறது, அதற்கு மேல் ஓடிபி இருக்கிறது, போதாதா என்றால், போதாது. இரண்டுமே ரகசியத்தை எதிராளியிடம் சொல்லித் தெரியும் என்று காட்டுகிற வேலை. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் வியாழக்கிழமை போய் நின்றால் பார்க்கலாம், தரகர்கள் துண்டுக்கடியில் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் அந்த விலை அந்த இரண்டு கைக்கு மட்டும்தான் தெரியும். ஓடிபி அப்படிப்பட்டது, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது, ஆனால் துண்டுக்கடியில் இருக்கிற கைக்கு முழுசாகத் தெரியும். சந்தையில் அந்தக் கைக்காரரின் முகம் எதிரிலேயே இருக்கிறது. மெயிலில் வந்த லிங்க்கைத் தட்டும்போது அங்கே எவன் கை இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

போலிப் பக்கங்கள் இப்போது எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் ஓடிபி மேல் இருக்கிற நம்பிக்கை கொஞ்சம் ஆடிப்போகும். நீங்கள் அங்கே பாஸ்வேர்டு அடித்ததும் அது அதே நொடியில் அசல் பக்கத்தில் போய் அடிக்கும். அசல் பக்கம் உங்கள் போனுக்கு அசல் ஓடிபி அனுப்பும். வந்தது அசல் ஓடிபி என்பதால் உங்களுக்குச் சந்தேகம் வராது, வாங்கி அதையும் போலிப் பக்கத்தில் போடுவீர்கள், அது அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அட்ரஸைப் பார்த்து அடிக்கச் சொல்லலாம் என்றால், ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டுப் பாருங்கள், சேம்பிள் அனுப்புகிற அவசரத்தில் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

யூபிகீ செய்வது வேறு ஜாதி வேலை. இதில் ரகசியம் யாரிடமும் போவதே இல்லை. மெயில் அக்கவுண்டில் சாவியை முதலில் பதியும்போது அது தனக்குள்ளேயே ஒரு ஜோடியை உண்டாக்குகிறது: ஒன்று ரகசிய எண், அது சாவியை விட்டு வெளியே வராது, இன்னொன்று பொது எண், அதை மைக்ரோசாஃப்டோ கூகுளோ வாங்கி வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு முறை லாகின் பண்ணும்போதும் அந்தத் தளம் அப்போதுதான் உருட்டிப் போட்ட ஒரு எண்ணை அனுப்பி, எங்கே, இதற்குக் கையெழுத்துப் போடு பார்க்கலாம் என்கிறது. விளக்கு மினுக்கும், விரலால் தொட்டால் சாவி உள்ளேயே கணக்குப் போட்டு விடையை மட்டும் வெளியே கொடுக்கும். விடை சரியா என்று பொது எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் விடையிலிருந்து ரகசிய எண்ணைத் தோண்டி எடுக்க இன்றைய கம்ப்யூட்டர்களால் நடைமுறையில் ஆகாது. விடையை எவனாவது திருடினாலும் பிரயோஜனமில்லை, அடுத்த முறை கேள்வி வேறு.

தெரியும் என்று காட்ட வேண்டும், ஆனால் சொல்லக்கூடாது என்கிற ஆசை கம்ப்யூட்டருக்கு வெகுகாலம் முந்தியது. 1535இல் இத்தாலியில் தார்த்தாலியா என்று ஒரு கணக்கு வாத்தியார், முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழி தனக்குத் தெரியும் என்றார். ஃபியோர் என்பவர் போட்டிக்குக் கூப்பிட்டார், ஆளுக்கு 30 கணக்கு எழுதி எதிராளியிடம் கொடுப்பது என்று ஏற்பாடு. தார்த்தாலியா கொடுத்ததையெல்லாம் போட்டுக் காட்டி ஜெயித்தார். வழி என்ன என்று வாயைத் திறக்கவில்லை, ஆனால் வழி அவரிடம் இருக்கிறது என்பதில் அதற்கப்புறம் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேள்வியை எதிராளி எழுதினார் என்பதுதான் இதில் முக்கியம், அவரே கேள்வியும் எழுதி அவரே விடையும் சொல்லியிருந்தால் யார் நம்புவார்கள்? யூபிகீக்குத் தளம் புதுசு புதுசாக எண் அனுப்புவதும் இதற்காகத்தான். பாவம், அந்த மனிதர் 1539இல் கார்தானோ என்கிறவரின் வற்புறுத்தலுக்கு இளகி, வெளியே விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வழியைச் சொல்லிவிட்டார். 1545இல் கார்தானோ அதைப் புத்தகத்தில் அச்சடித்துவிட்டார், இவர் பெயரைக் குறிப்பிட்டுத்தான், இருந்தாலும் சண்டை ஓயவில்லை.

சரி, ஆபீஸ் கதைக்கு வருகிறேன். இந்தச் சாவியின் மிகப் பெரிய நல்ல குணம் பார்ப்பதற்கு ரிப்பேர் மாதிரியே இருக்கும் என்பது யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத விஷயம். ஒரு நாள் மத்தியானம் மெர்ச்சண்டைசர் பெண் ஒருவர் போன் பண்ணினார்.

"ஏனுங்கண்ணா, இந்தச் சாவி கெட்டுப்போனாட்ட இருக்குதுங். எத்தன வாட்டி சொருகித் தொட்டாலும் எடுக்கவே மாட்டேங்குது. பையர் கமெண்ட்ஸ் அனுப்பியிருக்காருங், இன்னிக்கே பதில் போடோணும்."

"காலைல வேலை செஞ்சுதுங்களா அம்மிணி?"

"காலைல நல்லாத்தானுங் இருந்துச்சு."

ஸ்கிரீனை மேலிருந்து கீழ் வரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பக்கம் அச்சு அசல் மைக்ரோசாஃப்ட் லாகின் பக்கம், கம்பெனி லோகோ கூட வந்திருக்கிறது. அட்ரஸ் மட்டும் வேறு. மெயில் வந்தது உண்மையாகவே அந்த பையரின் ஐடியிலிருந்துதான், முதலில் அங்கே புகுந்து அங்கிருந்து இங்கே குறி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் பாஸ்வேர்டையும் அடித்துவிட்டிருந்தார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, தெரிந்தவரிடமிருந்து எதிர்பார்த்த நாளில் எதிர்பார்த்த மெயில் வந்தால் நானும் அடித்திருப்பேன். சாவி மட்டும் மசியவில்லை. காரணம், பதியும்போதே எந்தத் தளத்துக்கு என்பது அந்த ஜோடியோடு சேர்த்துக் கட்டப்பட்டுவிடுகிறது. லாகின் சமயத்தில் பிரௌசர் தான் நிற்கிற உண்மையான அட்ரஸை எடுத்துக்கொண்டு வந்துதான் சாவியிடம் கேட்கிறது, அந்த அட்ரஸுக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்றால் கையெழுத்தும் இல்லை. நம் கண் ஏமாறலாம், அவசரம் இருக்கலாம், சாவிக்கு எழுத்தின் உருவம் பற்றி அக்கறையே கிடையாது. பாஸ்வேர்டை மாற்றினோம், அசல் பையருக்கு போனில் சொன்னோம், வேலை முடிந்தது.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ட்விலியோ கம்பெனிக்காரர்களைக் குறிவைத்து இப்படிப் போலிப் பக்கம் காட்டி உள்ளே புகுந்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் கிளவுட்ஃப்ளேர் என்கிற இன்னொரு கம்பெனியின் ஊழியர்களுக்கும் அதே மாதிரி மெசேஜ் போனது, அங்கேயும் மூன்று பேர் பாஸ்வேர்டை அடித்துவிட்டார்கள். ஆனால் அங்கே எல்லோரிடமும் இந்த மாதிரி சாவி இருந்ததால் உள்ளே போக முடியவில்லை, இதை அவர்களே எழுதி வெளியிட்டார்கள். கூகுள் 85,000க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களுக்கு 2017இலிருந்து சாவியைக் கட்டாயமாக்கியது, அதற்கப்புறம் ஊழியர் கணக்கு ஒன்றுகூடப் பறிபோகவில்லை என்று 2018இல் சொன்னது.

ஒரு எச்சரிக்கை, இதைச் செய்யாமல் சாவி வாங்கினால் காசு தண்டம். சாவியைப் பதிந்துவிட்டு, பழைய எஸ்எம்எஸ் ஓடிபியை 'எதற்கும் இருக்கட்டும்' என்று விட்டுவைக்காதீர்கள். சாவி இல்லையா, வேறு வழியில் உள்ளே போக இங்கே தட்டவும் என்று ஒரு வரி லாகின் பக்கத்தில் வரும், போலிப் பக்கம் உங்களை நேராக அந்த வரிக்குத்தான் தள்ளும். நாங்கள் ஓடிபியை எடுத்துவிட்டிருந்தோம், அதனால்தான் மேலே சொன்ன கதை நல்லபடியாக முடிந்தது.

ஓடிபியை எடுத்துவிட்டால் சாவி தொலைந்தால் என்ன பண்ணுவது? அதனால்தான் இரண்டு. இதைச் சொன்னபோது முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஊட்டுக்கே ஒத்தச் சாவிதான் தம்பி வெச்சிருக்கறோம், இதுக்கு எதுக்கு ரெண்டு?" யூபிகீயில் நகல் எடுக்கிற சமாச்சாரம் கிடையாது, ரகசிய எண் வெளியே வந்தால்தானே நகல் எடுப்பதற்கு. இரண்டு சாவியையும் தனித்தனியாக எல்லாக் கணக்கிலும் பதிந்து, ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதை வேறு இடத்தில் வைக்க வேண்டும். ஆப்பிள் கணக்கில் 2023 ஜனவரியில் இந்த வசதி வந்தபோது குறைந்தது இரண்டு சாவி இருந்தால்தான் பதியவே விடுவோம் என்று வைத்துவிட்டார்கள், எனக்குக் கேட்டால் அது நல்ல கட்டாயம். முதலாளியின் இரண்டாவது சாவி இப்போது காங்கேயம் பக்கம் அவருடைய தோட்டத்துச் சாளையில், பீரோவுக்குள், பத்திரங்களோடு இருக்கிறது.

சாவிக்கு ஒரு பின் நம்பரும் உண்டு, தொலைந்த சாவியை எடுத்தவன் சும்மா தொட்டு உள்ளே போய்விடக்கூடாதே. தொடர்ந்து மூன்று முறை தப்பாக அடித்தால் பிடுங்கிச் சொருகச் சொல்லும், மொத்தம் எட்டு முறை தப்பானால் பூட்டிக்கொள்ளும், அப்புறம் ரீசெட் பண்ணி எல்லாவற்றையும் முதலிலிருந்து பதிய வேண்டியதுதான். கஸ்டமர் கேருக்கு போன் பண்ணித் திறக்கச் சொல்ல முடியாது, அவர்களிடமும் எதுவும் இல்லை. இந்த இடம் நம்மூர் ஆட்களுக்குக் கொஞ்சம் உறுத்தும், சொல்லிப் பார்த்தால் ஏதாவது வழி இருக்கும் என்று பழகியவர்கள் நாம்.

எக்ஸ்போர்ட் ஆபீஸில் இருப்பவர்களுக்கு இது அப்படியொன்றும் புதுச் சரக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கஸ்டம்ஸ், டிஜிஎஃப்டி, ஜிஎஸ்டி, எம்சிஏ என்று அரசாங்கத் தளங்களுக்காகப் பல வருஷமாக யுஎஸ்பியில் சொருகுகிற டிஎஸ்சி என்கிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இதே கணக்குதான்: ரகசிய எண் டோக்கனுக்குள், வெளியே வருவது கையெழுத்து மட்டும். 2000ஆம் வருஷ ஐடி சட்டப்படி அந்தக் கையெழுத்து உங்கள் கையெழுத்து. அதை நாம் வைத்திருக்கிற லட்சணம்தான் வேறு. ஆடிட்டர் ஆபீஸ் டிராயரைத் திறந்தால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாகக் கிடக்கும், ஒவ்வொன்றிலும் கம்பெனி பெயர் எழுதிய ஸ்டிக்கர், அந்த ஸ்டிக்கரிலேயே பின் நம்பர், பெரும்பாலும் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக. வெளியே வராத ரகசியத்தைச் சிரமப்பட்டு ஒரு சில்லுக்குள் பூட்டி, பூட்டையே அடுத்தவர் டிராயரில் போட்டுவிட்டு வருகிறோம். யூபிகீயோடு ஒப்பிட்டால் டிஎஸ்சிக்கு டிரைவர் போடணும், அப்புறம் கையெழுத்துக்கென்று ஒரு மென்பொருள் போடணும், பிரௌசர் அப்டேட் ஆனால் அது படுத்துக்கொள்ளும். யூபிகீக்கு எதுவும் போட வேண்டாம், சொருகினால் வேலை செய்கிறது, ஒவ்வொரு கையெழுத்துக்கும் விரல் தொட்டாக வேண்டும். அந்த வகையில் நிம்மதி.

ஆனால் டிஎஸ்சி கேட்கிற இடத்தில் யூபிகீயை நீட்ட முடியாது, இது அதற்கு மாற்று இல்லை. இந்தியாவில் இதன் பெரிய குறையே இதுதான், காட்டுவதற்கு இடம் குறைவு. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், ஃபேஸ்புக், ஜோஹோ எல்லாம் ஏற்றுக்கொள்கின்றன, மெயில் இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும் என்பதால் கம்பெனிக்கு அது போதும். பேங்க் பக்கம் போனால் என் பேங்க் இன்னும் ஓடிபிதான் கேட்கிறது, யுபிஐக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எஸ்எம்எஸ் ஓடிபியையே நம்பியிராமல் வேறு வழிகளுக்கும் இடம் கொடுக்கும் விதிகளை ரிசர்வ் பேங்க் 2025 செப்டம்பரில் வெளியிட்டது, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று. அதனால் பேங்க்குகள் இந்தச் சாவியை ஏற்கும் என்று அர்த்தமில்லை, கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், வாங்குகிறவர்களுக்கு இது காசு விஷயம். 2024 செப்டம்பரில் நிஞ்ஜாலேப் என்கிற ஆராய்ச்சிக் குழு இந்தச் சாவியிலிருந்தே ரகசியத்தை எடுத்துக் காட்டியது. சாவி யாருக்கும் எதையும் சொல்வதில்லை என்பது உண்மைதான், ஆனால் உள்ளே கணக்குப் போடும்போது சில்லிலிருந்து மின்காந்த அலை கசிகிறது, ஒரு குறிப்பிட்ட கணக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை அந்தக் கசிவிலிருந்து அளந்தால் ரகசிய எண்ணைப் பிடித்துவிடலாம். குறை யூபிகோ எழுதியதில் இல்லை, உள்ளே இருக்கிற இன்ஃபினியான் சில்லோடு வந்த நிரலில். 14 வருஷம் எத்தனையோ பரிசோதனை தாண்டியும் யார் கண்ணிலும் படவில்லை. பயந்து ஓட வேண்டியதில்லை, இதைச் செய்யச் சாவியைக் கையில் வாங்கி, உடைத்துத் திறந்து, சுமார் 11,000 யூரோ பெறுமான கருவிகளை வைத்து அளக்க வேண்டும், பாஸ்வேர்டு அல்லது பின்னும் தேவைப்படலாம். பனியன் கம்பெனி மெயிலுக்காக எவனும் அவ்வளவு மெனக்கெட மாட்டான். ஆனால் ஃபர்ம்வேர், அதாவது சாவிக்குள்ளேயே இருக்கிற மென்பொருள், 5.7க்கு முந்தைய சாவிகளில் இந்தக் குறை இருக்கிறது, ஃபர்ம்வேரை அப்டேட் பண்ணவே முடியாது என்பது இந்தச் சாவியின் வடிவமைப்பு, பழையது கடைசி வரை பழையதுதான். 5.7இல் உள்ளே சேமிக்கிற பாஸ்கீ (லாகினுக்கான ஜோடி) எண்ணிக்கையும் 25லிருந்து 100 ஆகியிருக்கிறது. எனவே பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தந்தால் வாங்காதீர்கள். யூபிகோ ஆதென்டிகேட்டர் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது, அதில் சொருகிப் பார்த்தால் வெர்ஷன் தெரிந்துவிடும்.

இடையில் ஒரு குறிப்பு. விற்கிறவர்களில் சிலர் இதை 'ஸீரோ நாலெட்ஜ்' என்று சொல்லி விற்கிறார்கள். ஷாஃபி கோல்ட்வாஸர், சில்வியோ மிக்காலி, சார்லஸ் ரக்காஃப் மூவரும் 1985இல் எழுதிய கட்டுரையில் வந்த சொல் அது, முதல் இருவருக்கும் 2012ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. அவர்கள் வரையறை ரொம்பக் கறாரானது: சோதிக்கிறவன் கேள்வி பதில் எல்லாம் முடிந்தபின் கையில் வைத்திருப்பது, தானே தனியாக உட்கார்ந்து எழுதியிருக்கக் கூடியதாக மட்டுமே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அதை வேறு யாரிடமும் காட்டி, பார், இவனுக்கு ரகசியம் தெரியும் என்று நிரூபிக்கவே முடியாது. யூபிகீ கொடுப்பது டிஜிட்டல் கையெழுத்து, வாங்கியவன் அதை மூன்றாம் ஆளிடம் காட்டலாம், பொது எண் இருந்தால் அவரும் சரிபார்க்கலாம். மெயிலுக்குள் போக இந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. லாட்ஜ் ரிசப்ஷனில் ஆதாரை ஜெராக்ஸ் எடுத்து வைக்கிறார்களே, அந்த மாதிரி இடத்தில் 18 வயது ஆயிற்று என்பதை மட்டும் பிறந்த தேதி காட்டாமல் நிரூபிக்க வேண்டும் என்றால் அசல் ஸீரோ நாலெட்ஜ் வேண்டும். வயதைக் காட்டுவதற்கான அப்படியொரு நிரலை கூகுள் 2025 ஜூலையில் எல்லோருக்கும் திறந்து விட்டது. நம் லாட்ஜ் ரிசப்ஷனுக்கு அது வந்து சேருகிற வரைக்கும் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள்.

தினசரிப் புழக்கத்தில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. செக்கிங் டேபிள் பக்கம் இருக்கிற லேப்டாப்களில் டைப்-சி ஓட்டைக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு சாவி பாதிதான் இறங்கும், பல்குத்தும் குச்சியால் பஞ்சை எடுத்தால் சரியாகிவிடும். போனில் என்எஃப்சி (சொருகாமல் பக்கத்தில் வைத்தாலே வேலை செய்கிற வசதி) இருந்தால் பின்பக்கம் வைத்தால் போதும், ஐபோனில் உச்சிப் பக்கம் வைக்க வேண்டும், தடியான கவர் போட்டிருந்தால் கழற்றியாக வேண்டும். பட்ஜெட் போன்கள் பலவற்றில் என்எஃப்சி இருக்காது, அங்கே டைப்-சியில் நேரே சொருகிவிடலாம், அதனால்தான் யுஎஸ்பி-ஏ மாடலை விட்டு 5சி மாடலை எடுத்தோம்.

வீட்டு உபயோகத்துக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். போனிலேயே பாஸ்கீ என்று இதே ஏற்பாடு இலவசமாக வருகிறது, கைரேகை வைத்தால் வேலை முடிந்தது, போலிப் பக்கத்தை அதுவும் இதே மாதிரி நிராகரிக்கும். ரகசிய எண் பூட்டிய நிலையில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு வழியாக உங்கள் மற்ற போன்களுக்கும் போய்ச் சேரும் என்பது ஒன்றுதான் வித்தியாசம், பெரும்பாலானவர்களுக்கு அது வசதியே. ஆபீஸில் கதை வேறு. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி உட்காருவார்கள், போன் அவரவர் சொந்த போன், தீபாவளி போனஸ் வாங்கியதும் ஒருவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். சாவி என்றால் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, வாங்கி ரீசெட் பண்ணி, அடுத்து வருகிறவர் கையில் கொடுத்துவிடலாம்.

மெயில் மட்டும்தான் குறி என்றால் இந்த மாடல்கூடத் தேவையில்லை. அதே யூபிகோ 'செக்யூரிட்டி கீ' என்ற பெயரில் இதைவிட நன்றாகவே மலிவாக ஒன்று விற்கிறது, டைப்-சி, என்எஃப்சி இரண்டும் உண்டு, லாகின் வேலை அச்சு அசல் இதே. 5 சீரிஸில் கூடுதலாக இருக்கிற சமாச்சாரங்களை எங்கள் ஆபீஸில் என்னைத் தவிர யாரும் தொடவில்லை. அடுத்த கம்பெனிக்கு நான் அதைத்தான் வாங்கித் தரப்போகிறேன்.

எதை வாங்கினாலும் பெட்டியைப் பிரித்ததும் யூபிகோ தளத்தில் இருக்கிற சரிபார்ப்புப் பக்கத்தில் சொருகித் தொட்டுப் பாருங்கள், அசலா போலியா என்று சொல்லிவிடும். அதிலும் ஒரு நயம் இருக்கிறது. அசல் என்று காட்டுவதற்கான சான்று ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனியாக வைக்கப்பட்டால் அதைக் கொண்டே ஆளைப் பின்தொடரலாம் என்பதால், குறைந்தது ஒரு லட்சம் சாவிகளுக்கு ஒரே சான்று இருக்கும்படி, இந்த மாதிரி சாவிகளுக்கு விதி வகுக்கிற ஃபைடோ அமைப்பு விதி வைத்திருக்கிறது. நான் அசல் என்று காட்டும், எந்தச் சாவி என்று காட்டாது. ஒவ்வொரு தளத்துக்கும் ஜோடி வேறு வேறு என்பதால் கூகுளும் ஃபேஸ்புக்கும் உட்கார்ந்து பேசிக்கொண்டாலும் இரண்டு இடத்திலும் பதிந்தது ஒரே சாவிதான் என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

பில்லில் கம்பெனி ஜிஎஸ்டி நம்பரைப் போடச் சொல்லி வாங்குங்கள், கட்டிய வரியை இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். கிளவுட்ஃப்ளேர், கூகுள் என்று நான் இவ்வளவு பேசியும் அசையாத முதலாளி இரண்டாவது சாவிக்குச் சரி என்றது அதைக் கேட்டபிறகுதான்.